எத்தனை சதவீதம்ங்க? குழந்தைப்பேறு சிகிச்சையில் ஏஐ கணிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குப் பிறந்த ஊர் கோபிச்செட்டிபாளையம், வாழ்க்கைப்பட்டது பல்லடம் பக்கம். கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மெஷின் லேர்னிங் மாடல்கள் (பழைய பதிவுகளைப் பார்த்துப் பழகி, அடுத்து நடப்பதைக் கணிக்கும் கம்ப்யூட்டர் புரோகிராம்கள்) செய்வதும், அவை சரியாகக் கணிக்கின்றனவா என்று சோதிப்பதும் என் வேலை. நானும் வீட்டுக்காரரும் குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்தவர்கள். இந்த இரண்டு பக்கமும் தெரிந்தவள் என்பதால் சொந்தக்காரர்கள், கூட வேலை செய்பவர்கள், ஸ்கேனுக்குக் காத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் என்று நிறையப் பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. எந்த ஊசி, எத்தனை நாள் என்பதை உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். கம்ப்யூட்டர் கொடுக்கும் எண்ணை எப்படி வாசிப்பது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த விஷயம்.

வெற்றி வாய்ப்பு 30 சதவீதம் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அதற்கு என்னங்க அர்த்தம்?

நம் பக்கம் போர் போட்டுப் பார்க்காத குடும்பம் குறைவு. அதை வைத்தே சொல்கிறேன். உங்கள் தோட்டத்தைப் போலவே மண்ணும் பாறையும் உள்ள நூறு தோட்டங்களில் ஆளுக்கு ஒரு போர் போட்டார்கள். முப்பதில் தண்ணீர் வந்தது, எழுபதில் வெறும் புகை. அதுதான் 30 சதவீதம். உங்கள் தோட்டத்தில் ரிக் வண்டி வந்து நின்று எண்ணூறு அடி இறங்கும்போது முப்பது சதவீதத் தண்ணீர் என்று ஒன்று வராது. தண்ணீர் வரும், அல்லது புகை பறக்கும். உங்களைப் போன்ற நூறு பேருக்கு என்ன நடந்தது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. நீங்கள் அந்த முப்பதில் ஒருவரா எழுபதில் ஒருவரா என்பதை இன்றைக்கு எந்தக் கம்ப்யூட்டராலும் சொல்ல முடியாது.

அப்புறம் எதற்கு அந்த எண் என்று கேட்கலாம். முடிவெடுப்பதற்குத்தான். நகையை இப்போதே அடகு வைப்பதா, இன்னும் இரண்டு ஐயுஐ (விந்துவைக் கருப்பைக்குள் செலுத்தும் முறை) பார்ப்பதா, ஐவிஎஃப்பில் (உடம்புக்கு வெளியே கருவாக்கி வயிற்றில் வைக்கும் டெஸ்ட் டியூப் முறை) ஒரு சுற்றுக்குப் பணம் ஒதுக்குவதா மூன்று சுற்றுக்கா என்று குடும்பமாக உட்கார்ந்து பேசும்போது அது கைகொடுக்கும். அதே எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க அழுவதற்கோ, ஊரெல்லாம் இனிப்பு கொடுப்பதற்கோ அது தாங்காது.

அந்த எண்ணைக் கம்ப்யூட்டர் எங்கிருந்து எடுக்கிறது?

ஏற்கெனவே சிகிச்சை எடுத்தவர்களின் பதிவுகளிலிருந்து. ஒவ்வொரு தம்பதியருக்கும் ஒரு வரிசை: பெண்ணின் வயது, ஏ.எம்.ஹெச் அளவு (முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), ஸ்கேனில் எண்ணிய சின்ன முட்டைப் பைகள், எடை, எத்தனை வருடமாகக் குழந்தையில்லை, முன்பு கரு தங்கியிருக்கிறதா, என்ன காரணம், விந்தணு எண்ணிக்கையும் ஓட்டமும், இதற்குமுன் எத்தனை முறை முயன்றார்கள். அந்த வரிசையின் கடைசிக் கட்டத்தில் விடை: குழந்தை பிறந்தது, பிறக்கவில்லை. ஆயிரக்கணக்கான வரிசைகளைப் பார்த்து, எந்தெந்த விவரம் சேர்ந்தால் விடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று மாடல் பழகிக்கொள்கிறது. எல்லாவற்றிலும் கனமானது பெண்ணின் வயது. மற்றவை அந்த எண்ணை மேலேயும் கீழேயும் கொஞ்சம் நகர்த்தும்.

இது நேற்று வந்த சங்கதி இல்லை. 1978-இல் இங்கிலாந்தில் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை பிறந்தது. இதற்கு வழிகண்ட ராபர்ட் எட்வர்ட்ஸுக்கு 2010-இல் நோபல் கிடைத்தது. அந்த நாட்டில் எல்லா ஐவிஎஃப் சுற்றுகளையும் ஓர் அரசு அமைப்பு பதிவு செய்துவைப்பதால், அங்கேதான் பெரிய கணிப்பு மாடல்கள் வந்தன. 1991 முதல் 1994 வரை நடந்த சிகிச்சைகளை வைத்து ஒரு மாடல் 1996-இல் வெளியானது. இருபது வருடம் கழித்து, 2016-இல், 1,13,873 பெண்களின் பதிவுகளை வைத்து இன்னொன்று வந்தது. ஒரே ஒரு தடவைக்கான வாய்ப்பை விட்டுவிட்டு, ஆறு சுற்று வரைக்கும் சேர்த்துக் கணக்கிட்டது இதன் சிறப்பு.

இந்தப் பழைய மாடல்கள் சாதாரணப் புள்ளியியல் சமன்பாடுகள்தான். இப்போது ரேண்டம் ஃபாரஸ்ட், எக்ஸ்ஜிபூஸ்ட், நியூரல் நெட்வொர்க் என்று மெஷின் லேர்னிங் முறைகள் வருகின்றன. நான் இவற்றோடுதான் தினமும் புழங்குகிறேன், எனக்கு இவற்றின்மேல் மரியாதை உண்டு. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மருத்துவக் கணிப்பு மாடல்களைப் பற்றி 71 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் அலசல் 2019-இல் வெளிவந்தது. நியாயமாக ஒப்பிட்டால், மெஷின் லேர்னிங் பழைய சமன்பாட்டைவிட மேலாகக் கணிக்கவில்லை என்பது அதன் முடிவு. வயது, ஏ.எம்.ஹெச் மாதிரி பத்துப் பதினைந்து விவரங்கள் மட்டும் இருக்கும் இடத்தில் புது முறைக்குத் தோண்டி எடுக்க அதிகம் கிடைப்பதில்லை. ஆகவே ‘ஏஐ’ என்ற பெயருக்காக மட்டும் கூடுதல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

‘எங்கள் ஏஐ 70 சதவீதம் துல்லியமானது’ என்று விளம்பரம் பார்த்தேன். நம்பலாமா?

நூறு பேரில் முப்பது பேருக்குக் குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் எதையுமே பார்க்காமல், வருகிற எல்லாரிடமும் ‘பிறக்காது’ என்று சொன்னால் எழுபது பேர் விஷயத்தில் நான் சொன்னது சரியாகிவிடும். நானும் 70 சதவீதம் துல்லியம்! அதனால் துல்லியம் என்ற ஒற்றை வார்த்தை எதையும் காட்டாது.

கேட்க வேண்டியவை இரண்டு. முதலாவது, பிரித்துக்காட்டும் திறன். குழந்தை பிறந்த ஒருவரையும் பிறக்காத ஒருவரையும் எடுத்தால், பிறந்தவருக்கு மாடல் அதிக எண் கொடுத்திருக்கிறதா? நூறு ஜோடியில் ஐம்பது முறை சரியென்றால் அது காசு சுண்டுவதற்குச் சமம். மேலே சொன்ன 2016 மாடல், சிகிச்சை தொடங்கும்முன் கணித்ததில், நூறுக்கு 73. அத்தனை பேருடைய பதிவுகளை வைத்தும் 73-தான். உடம்புக்குள் நடப்பதில் நிறைய விஷயங்கள் நம் படிவங்களில் ஏறுவதே இல்லை.

இரண்டாவது எனக்கு இன்னும் முக்கியம். மாடல் 30 என்று சொன்ன நூறு பேரைத் தனியாக எடுத்தால், உண்மையிலேயே முப்பது பேருக்குப் பிறந்ததா? பதினைந்து பேருக்குத்தான் பிறந்தது என்றால், ஜோடி பிரிப்பதில் எவ்வளவு கெட்டிக்கார மாடலாக இருந்தாலும் உங்களிடம் சொன்ன எண் பொய். இதைச் சரிபார்த்தீர்களா, எந்த வருடத்து நோயாளிகளை வைத்து, எந்த மருத்துவமனையில் என்று கேளுங்கள். மாடலைப் பழக்கிய அதே பதிவுகளை வைத்தே சோதித்திருந்தால், கேள்வித்தாளை முன்னாடியே கொடுத்துவிட்டுப் பரீட்சை வைத்த மாதிரி. ஒரே தம்பதியின் முதல் சுற்று பழக்கும் பதிவிலும், இரண்டாம் சுற்று சோதிக்கும் பதிவிலும் கலந்துவிடுவதும் நடக்கும். இதே தவறு தொழிற்சாலைப் பதிவுகளில் நடந்து, நாங்கள் கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறோம். அங்கே நஷ்டம் பஞ்சு நூலோடு போயிற்று.

‘வெற்றி’ என்றால் குழந்தை பிறப்பதுதானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் முதல் சுற்றில், கரு வைப்பதற்கு முந்தைய நாள், ஒரு மருத்துவமனையில் திரையில் பச்சை நிறத்தில் 78 என்று காட்டினார்கள். அன்றைக்கு எனக்கு வயது 37. இந்த வேலையிலேயே இருக்கிறவள், எதற்கு 78, யாரில் 78 என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்தப் பச்சையைப் பார்த்ததும் மனது அங்கேயே நின்றுவிட்டது. பதினான்காம் நாள் ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ். அத்தை ஓடிப்போய் மாரியம்மன் கோயிலில் விளக்கு வைத்துவிட்டு வந்தார். அடுத்த வாரம் ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் அளவு இறங்கியது, பத்து நாளில் எல்லாம் முடிந்தது. பின்னால் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது: 35 வயதுக்குக் குறைந்த பெண்களில், நல்ல தரமான ஐந்தாம் நாள் கரு வைத்தவர்களில், ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் ஆனவர்களின் விகிதம்தான் அந்த 78. எனக்கு அது பொருந்தவே பொருந்தாது. அவர்கள் கணக்குப்படி நாங்கள் ‘வெற்றி’.

இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாக் கேள்வியையும்விட இது பணத்தையும் மனதையும் காப்பாற்றும். ஒரு கற்பனைக் கணக்கு. நூறு பேர் ஊசி போட ஆரம்பிக்கிறார்கள். பத்துப் பேருக்கு முட்டை சரியாக வளராமல் நிறுத்த வேண்டியிருக்கிறது. தொண்ணூறு பேருக்கு முட்டை எடுக்கிறார்கள். அதில் எழுபத்தைந்து பேருக்குத்தான் வைக்கிற அளவுக்குக் கரு வளர்ந்தது. நாற்பது பேருக்கு ரத்தத்தில் பாசிட்டிவ். முப்பத்திரண்டு பேருக்கு ஸ்கேனில் இதயத் துடிப்பு. இருபத்தேழு பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போகிறார்கள். இதே இடத்தை வைத்து ‘எங்கள் வெற்றி 53 சதவீதம்’ என்றும் சொல்லலாம், எழுபத்தைந்தில் நாற்பது. ‘27 சதவீதம்’ என்றும் சொல்லலாம், நூறில் இருபத்தேழு. இரண்டும் கணக்கில் தப்பில்லை. நீங்கள் நகையை வைத்துவிட்டு ஊசி போட ஆரம்பிக்கிற ஆள் என்பதால் உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

மாடலும் அப்படியே. எந்த விடையை வைத்துப் பழக்கினார்களோ அதைத்தான் கணிக்கும். பாசிட்டிவை வைத்துப் பழக்கிய மாடல் பாசிட்டிவைக் கணிக்கும். குழந்தையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இதைக் கேட்பது மரியாதைக் குறைவோ என்று தயங்காதீர்கள். அந்த மருத்துவமனையில் அந்தச் சிகிச்சையின் வெற்றி வாய்ப்பு என்ன, சாதக பாதகம் என்ன, செலவு என்ன என்று தம்பதியருக்கு ஆலோசனை சொல்ல வேண்டியது 2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டப்படி அவர்கள் கடமை.

எது நல்ல கரு என்று இப்போது கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்லிவிடுகிறதாமே?

ஆமாம், அந்த வேலை நிஜமாகவே நடக்கிறது. கருவை வளர்க்கிற பெட்டிக்குள்ளேயே கேமரா வைத்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை படம் எடுத்து, ஐந்து நாள் வளர்ச்சியையும் வீடியோவாக்கி விடுகிறார்கள். வழக்கமாக அதைக் கருவியல் நிபுணர் பார்த்து ‘4ஏஏ’, ‘3பிபி’ என்று தரம் போடுவார். ஏஐ அந்த வீடியோவைப் பார்த்து ஒரு மதிப்பெண் கொடுக்கும்.

அது மனிதரைவிட மேலா என்று ஒழுங்காகச் சோதித்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் 14 மருத்துவமனைகள், 1,066 பேர். பாதிப் பேருக்குக் கருவை ஐடாஸ்கோர் என்ற ஏஐ தேர்ந்தெடுத்தது, பாதிப் பேருக்கு நிபுணர். முடிவு 2024-இல் வந்தது. ஏஐ பக்கம் கரு தங்கியது 46.5 சதவீதம், நிபுணர் பக்கம் 48.2. மனிதருக்குக் குறைந்ததில்லை என்று நிரூபிக்கத்தான் அந்த ஆய்வே. அதை நிரூபிக்க முடியவில்லை. நேரத்தில் மட்டும் பெரிய வித்தியாசம். நிபுணருக்குச் சராசரியாக 208 விநாடி ஆன வேலையை ஏஐ 21 விநாடியில் முடித்தது. ஒரு நாளைக்கு நிறையக் கருக்களைப் பார்க்கிற லேபுக்கு அது நல்ல உதவி. உங்கள் வாய்ப்பு கூடும் என்பதற்கு அதில் ஆதாரம் இல்லை.

இன்னொன்று. தேர்வு செய்வதால் கரு நல்லதாக மாறிவிடாது. இருக்கிற நான்கில் எதை முதலில் வைப்பது என்ற வரிசைதான் மாறும். ஒரே ஒரு கரு இருந்தால், எந்த ஏஐ இருந்தாலும் அதையேதான் வைக்கப் போகிறார்கள்.

வெளிநாட்டுக்காரர்களை வைத்துச் செய்த மாடல் நம்ம ஊர்ப் பெண்ணுக்குப் பொருந்துமா?

அப்படியே எடுத்துப் போட்டால் பொருந்தாது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் ஸ்பெயினிலும் இந்தியாவிலும் ஐவிஎஃப் எடுத்த பெண்களை ஒப்பிட்டார்கள். முட்டை இருப்பை வைத்துப் பார்த்தால் இந்தியப் பெண்களின் சினைப்பை ஏறக்குறைய ஆறு வயது மூத்தது போலிருந்தது. அப்படியென்றால் அங்கே 38 வயதுக்கான எண்ணை நம் 32 வயதுப் பெண்ணுக்குப் பார்க்க வேண்டியிருக்கலாம். உள்ளூர்ப் பதிவுகளை வைத்து மாடலைத் திருத்தியாக வேண்டும்.

உள்ளூர்ப் பதிவு மட்டும் போதுமா என்றால், அதிலும் எனக்கு ஒரு கவலை உண்டு. திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியில் போகிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மகாராஷ்டிரா, ஒடிசா என்று போனால் மாதக்கணக்கில் வீடு திரும்ப மாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பதிக்குக் கல்யாணமாகி நான்கு வருடம். படிவத்தில் ‘குழந்தையின்மை: 4 வருடம்’ என்று எழுதியிருந்தது. உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் அவர்கள் ஒரே வீட்டில் சேர்ந்து இருந்தது எல்லாம் கூட்டிப் பத்து மாதம் வராது. பன்னிரண்டு மாதம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால்தான் குழந்தையின்மை என்பதே மருத்துவ வரையறை. மாடலுக்கு அந்தப் பையன் ஒடிசாவில் இருந்தது தெரியாது. நான்கு என்று பார்த்ததும் வாய்ப்பைக் குறைத்துக் காட்டிவிடும். நாமக்கல் லாரி டிரைவர்களுக்கும், வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கும் இதே கதைதான். முதல் சந்திப்பிலேயே இதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. அந்தத் தம்பதிக்கு மருத்துவர் முதலில் சொன்னது, மூன்று மாதம் லீவு போட்டு வீட்டிலிருங்கள் என்பதுதான்.

தொழில் என்ற கட்டமும் அப்படித்தான் வீணாகிறது. ‘பிசினஸ்’, ‘பிரைவேட்’ என்று எழுதிவிட்டுப் போகிறோம். கோவை ஃபவுண்டரியில் உலை முன்னால் எட்டு மணி நேரம் நிற்கிறாரா, திருப்பூர்ச் சாயப்பட்டறையில் பாய்லர் பார்க்கிறாரா, நாள் முழுக்க லாரி இன்ஜின் சூட்டில் உட்கார்ந்திருக்கிறாரா என்பது விந்தணுவைப் பாதிக்கிற விஷயம். எழுதாத ஒன்றை மாடல் எப்படிக் கற்றுக்கொள்ளும்?

பதிவே பொய்யாக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் நம் ஊரே பார்த்திருக்கிறது. 2022-இல் ஈரோட்டில் ஒரு பதினாறு வயதுச் சிறுமியின் வயதைப் போலி ஆதாரில் கூட்டிக் காட்டிப் பலமுறை கருமுட்டை எடுத்த கொடுமை வெளிவந்தது. அந்தப் பிள்ளைக்கு நடந்ததன் முன்னால் மாடலைப் பற்றிப் பேசுவதே சிறிய விஷயம். ஆனாலும் யோசித்துப் பாருங்கள், அந்தப் பொய் வயது எத்தனை கோப்புகளில் உண்மையாக உட்கார்ந்திருக்கும். இப்போதைய சட்டப்படி முட்டை தானம் தருபவருக்கு 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தரலாம்.

ஒரு தடவைக்கு 30 என்றால், மூன்று தடவை செய்தால் 90 ஆகிவிடுமா?

ஆகாது. கூட்டக் கூடாது. மூன்று முறையும் தவறுவதற்கான வாய்ப்பைப் பெருக்கிப் பார்த்தால், 0.7 பெருக்கல் 0.7 பெருக்கல் 0.7, அதாவது 34 சதவீதம். மீதி 66. சில இடங்களில் இந்த 66-ஐக் காட்டி மூன்று சுற்றுக்கும் சேர்த்துப் பேக்கேஜ் போடச் சொல்வார்கள்.

அதுவும் கொஞ்சம் கூடுதல்தான். மறுபடி போருக்கே வருகிறேன். முதல் போரில் தொள்ளாயிரம் அடி வரை புகை வந்தால், கீழே பாறை எப்படி என்று உங்களுக்கு ஏதோ தெரிந்துவிட்டது. இரண்டாவது இடத்துக்கு மறுபடி அதே 30 என்று எந்த ரிக்காரரும் சொல்ல மாட்டார். முதல் சுற்றில் எத்தனை முட்டை வந்தது, எத்தனை கரு ஐந்தாம் நாள் வரை போனது என்பதெல்லாம் சேர்ந்த பிறகு உங்கள் எண்ணைப் புதிதாகக் கணிக்கச் சொல்லுங்கள். அது கூடவும் செய்யலாம். முதல் சுற்றில் நிறையக் கரு கிடைத்து ஃப்ரீசரில் இருந்தால் அடுத்த முயற்சிக்கு மறுபடி ஊசியே வேண்டாம்.

இந்த மருந்தைச் சேர்த்தால் வாய்ப்பு பத்து சதவீதம் கூடும் என்று ஏஐ சொல்வதாகச் சொன்னார்கள்.

மாடலுக்குச் சேர்க்கை தெரியும், காரணம் தெரியாது. டிராக்டர் இருக்கிற வீட்டில் மஞ்சள் விளைச்சல் அதிகம் என்று பதிவு காட்டும். அதற்காக உங்கள் வாசலில் ஒரு டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தினால் மஞ்சள் கூடாது. அந்த வீட்டில் தண்ணீரும் நிலமும் அதிகம், அதனால் டிராக்டரும் இருந்தது. கூடுதல் மருந்து எடுத்தவர்கள் வசதியானவர்களாக, வயது குறைந்தவர்களாக இருந்திருக்கலாம். ஒரு மருந்து உதவுமா என்பதை, சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்குக் கொடுத்து, பாதிப் பேருக்குக் கொடுக்காமல் ஒப்பிடும் ஆய்வுதான் காட்டும். அப்படி ஆய்வு இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பையனுக்கும் டெஸ்ட் எடுக்கோணுமா? எங்க வீட்டில் யாருக்கும் அப்படி ஒரு குறை இல்லைங்களே.

எடுக்க வேண்டும், முதல் நாளே. ஏறக்குறைய பாதித் தம்பதியரில் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. எல்லாப் பரிசோதனைகளிலும் செலவு குறைந்ததும் வலியில்லாததும் விந்துப் பரிசோதனைதான். இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆவதால், காய்ச்சல் வந்திருந்தாலோ உலைச் சூட்டிலிருந்து விலகினாலோ மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள்.

அம்மாக்களிடம் நான் பணிவாகச் சொல்வது ஒன்றுதான். திருச்செங்கோட்டு மலை மேல் நாம் கும்பிடுகிற சாமி பாதி ஆண், பாதி பெண். மருமகளை மட்டும் ஆறு வருடம் ஊசி போட வைத்துவிட்டு மகனை ஒரு தடவைகூட லேபுக்கு அனுப்பாத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்களின் முகம் எனக்கு மறக்காது. மாடல்களிலும் இதே குறைதான்: பெண்ணைப் பற்றிப் பத்துக் கட்டம், ஆணைப் பற்றி ஒன்றோ இரண்டோ.

குறைந்த எண் வந்ததால் எங்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. வேறு வழி?

வேறு மருத்துவரிடம் இரண்டாவது கருத்து கேளுங்கள். எண் மிகவும் குறைவு, உங்கள் பணத்தை வாங்க எனக்கு மனமில்லை என்று நேர்மையாகச் சொல்கிற மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கஷ்டமான ஆட்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினால் அந்த இடத்தின் வெற்றி விகிதம் தானாக ஏறும். அடுத்த வருடம் அந்தப் பதிவை வைத்துப் பழக்கும் மாடலுக்கு உங்களைப் போன்றவர்களே தெரியாமல் போவார்கள். அதனால்தான் எந்த எண்ணையும் கதவடைப்பதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று நினைக்கிறேன். எண்ணைச் சொல்லலாம், விளக்கலாம். முடிவு தம்பதியருடையது. சட்டத்தில் இருக்கும் வயது வரம்பு, பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55, அது தனி விஷயம்.

ஜோசியரும் குருபலன் வந்தால் பிறக்கும் என்கிறார். ஏஐ-யும் அதே மாதிரிதானே?

ஒரு வித்தியாசம் உண்டு. மாடல் தப்பாகச் சொன்னதை எண்ணிப் பார்க்க முடியும். எண்ணிப் பார்த்துத் திருத்தவும் முடியும். அப்படி எண்ணிக் காட்டாத மாடலை நம்பாதீர்கள். கோயிலுக்குப் போவதை யாரும் நிறுத்த வேண்டாம். குருபலனுக்காக இரண்டு வருடம் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதை மட்டும் செய்யாதீர்கள், வயது போய்விடும். 35 தாண்டிய பெண் என்றால் ஆறு மாதத்துக்கு மேல் பொறுக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆண் கருவா பெண் கருவா என்று ஏஐ சொல்லுமா?

அப்படிச் சொல்வதும் கேட்பதும் குற்றம். பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டின் சட்டம் கருவை வயிற்றில் வைப்பதற்கு முன்னாலும் பொருந்தும். யாராவது ஆசை காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

எங்கள் விவரங்களை வைத்து மாடல் பழக்குவார்களா? ஊருக்குத் தெரிந்துவிடுமே.

பழக்கலாம், உங்கள் சம்மதத்தோடு. கையெழுத்து வாங்கும் தாள்களில் ‘ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த’ என்ற வரி இருக்கிறதா என்று படியுங்கள். சிகிச்சைக்குச் சம்மதிப்பதும் ஆராய்ச்சிக்குச் சம்மதிப்பதும் வெவ்வேறு. இரண்டாவதற்கு மறுத்தால் சிகிச்சை நிற்கக் கூடாது. மருத்துவத்தில் ஏஐ-யைப் பயன்படுத்துவதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2023-இல் நெறிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. அந்தரங்கமும் சம்மதமும் அதில் முக்கியமான பகுதிகள். நான் எங்கள் விவரங்களைக் கொடுத்தேன், பெயரும் ஊரும் நீக்கிவிட்டு. நம் பக்கத்துப் பெண்களின் பதிவு சேர்ந்தால்தான் நம் பக்கத்துப் பெண்ணுக்குச் சரியான எண் வரும்.

கேட்கக் கூடாதுதான். உங்களுக்குக் குழந்தை பிறந்ததுங்களா?

கேட்கலாம். பிறக்கவில்லை. இரண்டு சுற்று எடுத்தோம். மருந்தோடு சேர்த்து ஒரு சுற்றுக்கு இரண்டே கால் லட்சம் ஆனது. இரண்டாவது முடிந்த பிறகு வேறொரு மருத்துவர் எல்லாக் காகிதத்தையும் பரப்பிவைத்து, எங்கள் இரண்டு சுற்றையும் சேர்த்துக் கணித்து, அடுத்ததில் குழந்தை பிறக்க நூற்றுக்கு ஆறு ஏழு என்றார். தன் அக்கறை குரலில் தெரிய, அவசரப்படாமல் ஒரு மணி நேரம் பேசினார். நானும் வீட்டுக்காரரும் ஒரு மாதம் யோசித்தோம், நிறுத்திக்கொண்டோம். அந்த ஆறோ ஏழோ எனக்குக் கிடைத்த எல்லா எண்களிலும் நல்ல எண். ஏனென்றால் அது உண்மை. கல்யாண வீட்டில் ‘ஏதாச்சும் விசேஷம் உண்டாங்க்கா?’ என்று யாராவது கேட்கும்போது இன்றைக்கும் வலிக்கிறது. ஆனால் ஏமாந்துபோனோம் என்ற வலி அதில் இல்லை. என்னைவிடக் குறைந்த எண்ணோடு மூன்றாவது முறை போய்க் குழந்தை பெற்ற ஒரு பெண்ணும் எனக்குத் தெரியும், அவள் முடிவும் சரிதான்.

அடுத்த வாரம் முதல் தடவையாகப் போகிறோம். என்ன தயார் செய்ய?

இருவரும் சேர்ந்து போங்கள். பழைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு ஃபைலில் போடுங்கள். உண்மையான வயது, சேர்ந்து வாழ்ந்த மாதங்கள், வேலையில் சூடு உண்டா, முன்பு கலைந்த கரு இருந்தால் அதுவும், மாமியாருக்குத் தெரியாததாக இருந்தாலும் மருத்துவரிடம் மட்டுமாவது, சொல்லிவிடுங்கள்.

எண் ஏதாவது கொடுத்தால் தாளில் எழுதி வாங்குங்கள். அதன் பக்கத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: இது குழந்தை பிறப்பதற்கான எண்ணா, பாசிட்டிவுக்கா? ஊசி தொடங்கிய எல்லாரிலுமா, கரு வைத்தவர்களில் மட்டுமா? என் வயதுக்காரர்கள் இந்த மருத்துவமனையில் போன வருடம் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்குப் பிறந்தது? கடைசிக் கேள்விக்குப் பதில் ‘எட்டுப் பேர், மூன்று குழந்தை’ என்று வந்தால் அது பெரிய எண்ணிக்கை இல்லை, அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. ஆனாலும் ஒளிக்காமல் சொன்னார்கள் என்பது தெரிந்துவிடும்.

அப்புறம், கரு வைத்துப் பதினான்காம் நாள் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால், முடிவு பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் வாட்ஸ்அப்பில்தான் வரும். அதை யார் முதலில் திறந்து பார்ப்பது, யாரிடம் எப்போது சொல்வது என்று முன்னாடியே இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.